தடையற்ற வர்த்தகத்தை ஆதரிப்பவர் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசக் கூடாதா?

#1 துறைமுகத்தான்

சிங்கப்பூரில் 2025 மே மாதத் தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை தேக்காவில் நண்பர்களோடு டீ குடிக்கும்போது ஒரு வாக்குவாதம். இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நண்பர் என்னிடம் சொன்னது இதுதான்: "சந்தையைத் திறந்து வை என்கிறாய். அப்புறம் ஏழை பணக்காரன் இடைவெளி என்று வருத்தப்படுகிறாய். எதிர்க்கட்சி வேண்டும் என்றும் சொல்கிறாய். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாது."

ஒட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். காரணம் என் அப்பா. அவர் தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கியவர். 1972-ல் முதல் கொள்கலன் கப்பல் இங்கே வந்தபோது எனக்கு இரண்டு வயது. நூறு பேர் தோளில் இறக்கிய சரக்கை ஒரு பாரந்தூக்கி இறக்கத் தொடங்கியது. அப்பா இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டார், பிழைத்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களில் பலருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், சிலர் காவல் வேலைக்குப் போனார்கள். 2024-ல் நம் துறைமுகம் கையாண்டது 41.12 மில்லியன் கொள்கலன்கள், இருபதடிக் கணக்கில். அந்த வளர்ச்சி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் படிப்பு, என் வீடு, என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

ஆனால் அப்பாவின் அறைத்தோழர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை எந்தக் கப்பலும் முடிவு செய்யவில்லை. வர்த்தகம் பணத்தைக் கொண்டுவந்தது, அதைப் பங்கிட்டது அரசியல். பங்கீடு சரியில்லை என்று சொல்ல மக்களுக்கு உண்மையான வழி இருக்க வேண்டும், அந்த வழிக்குப் பெயர்தான் தேர்தல். தாராளவாதி என்று என்னைச் சொல்லிக்கொள்வதற்கு இதைத் தவிர வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 கூட்டல்கழித்தல்

அண்ணே, பல்கலைக்கழகத்தில் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் கேள்வி பாடத்தின் நடுவிலேயே இருக்கிறது.

1817-ல் ரிக்கார்டோ போட்ட கணக்கை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுக்கல் திராட்சை மது செய்யட்டும், இரண்டுக்கும் லாபம். கணக்கு சரி. ஆனால் அது நாட்டுக்கு லாபம் என்றுதான் சொல்கிறது. வீட்டுக்கு வீடு லாபம் என்று சொல்லவில்லை. போர்ச்சுக்கலில் தறி வைத்திருந்தவர் மறுநாள் காலை என்ன செய்வார் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கிடைத்த லாபத்தில் ஒரு பகுதியை எடுத்து அவருக்கு ஈடுகட்டினாலும் மிச்சம் இருக்கும் என்பார்கள். ஈடு "கட்டலாம்" என்பது வேறு, "கட்டினோம்" என்பது வேறு.

அமெரிக்காவைப் பாருங்கள். இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு உதவ 1962-ல் கென்னடி காலத்தில் ஒரு திட்டம் வந்தது. அது எப்போதுமே சிறிய திட்டம்தான். 2022 ஜூலையில் காலாவதியாகி, புதிய விண்ணப்பங்களை எடுப்பதே நின்றுவிட்டது. அதற்குள் சீன இறக்குமதியால் எத்தனையோ ஆலை நகரங்கள் வெறிச்சோடிவிட்டன. அந்த மக்களின் கோபம்தான் 2025 ஏப்ரலில் 10 விழுக்காடு இறக்குமதி வரியாக நம் வாசலுக்கு வந்தது. அமெரிக்காவோடு நமக்குத் தடையற்ற வர்த்தக உடன்பாடு 2004 முதல் நடப்பில் இருக்கிறது. அவர்கள் பொருளுக்கு நாம் வரி போடுவதில்லை. நம்மோடு செய்யும் வர்த்தகத்தில் அவர்களுக்குத்தான் உபரி. அப்படியிருந்தும் வரி வந்தது.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. தோற்றவர்களைக் கைவிட்ட நாட்டில் தடையற்ற வர்த்தகமும் நிலைக்காது. ஏற்றத்தாழ்வைக் கவனிப்பதுதான் வர்த்தகத்தைக் காப்பாற்றும் வழி.

#3 பழைய ஜூரோங்

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். எனக்கு வயது 74. 1968-ல் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் உதவியாளாகச் சேர்ந்தேன். அப்போது சுற்றிலும் செம்மண்ணும் சதுப்பும்தான்.

1965-ல் பிரிந்தபோது மலேசியாவோடு பொதுச் சந்தை என்ற நம்பிக்கையும் போய்விட்டது. பிரிட்டிஷ் படைத்தளங்கள் 1971-க்குள் மூடப்படும் என்ற செய்தி வேறு. செம்பவாங் தளத்தை நம்பியிருந்த நம்மவர் குடும்பங்கள் எத்தனை என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற பல நாடுகள் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, வெளிநாட்டு நிறுவனம் என்றாலே சுரண்டல் என்றன. அமைச்சர் கோ கெங் சுவீயும் பொருளியல் ஆலோசகராக வந்த டச்சுக்காரர் வின்செமியஸும் கதவைத் திறந்தார்கள். வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் 1972-லேயே இது உலக நகரமாக வேண்டும் என்று பேசினார். அதற்கு நிலையான அரசு தேவைப்பட்டது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கொள்கை மாறும் ஊரில் யார் ஆலை கட்டுவார்கள்?

ஏற்றத்தாழ்வு கூடிக்கொண்டே போகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 2024-ல் வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் கினி குறியீடு (எண் குறைந்தால் ஏற்றத்தாழ்வு குறைவு) 0.435. வரிகளையும் அரசாங்க உதவிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 0.364. அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை.

இன்னொன்று. ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக உள்ள அணியாகத்தான் வேட்பாளர்கள் நிற்க வேண்டும் என்ற குழுத்தொகுதி முறை 1988-ல் வந்ததால்தான் நாடாளுமன்றத்தில் இந்தியர்களான நமக்கு இடம் உறுதியாக இருக்கிறது. அதைக் குறை சொல்வதற்கு முன் நம்மவர்கள் யோசிக்க வேண்டும்.

#4 நாற்பத்தேழு

நான் இங்கே எழுதுவது இதுவே முதல் முறை.

எனக்கு 47 வயது. ஒரு நிதி நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் 14 வருடம் வேலை செய்தேன். போன வருடம் புதிய மேலாளர் வந்தார். எட்டு மாதத்தில் எங்கள் குழுவில் பாதிப் பேர் மாறினார்கள். வந்தவர்களில் பெரும்பாலானோர் அவர் முன்பு வேலை செய்த இடத்தில் அவரோடு இருந்தவர்கள். என் வேலைக்குப் "பணி மறுசீரமைப்பு" என்று பெயர் வைத்து என்னை அனுப்பினார்கள். நான் பயிற்சி கொடுத்த பையன்தான் இப்போது என் நாற்காலியில் இருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல பையன்.

ஆறு மாதமாக வேலை தேடுகிறேன். தடையற்ற வர்த்தகம், ரிக்கார்டோ என்றெல்லாம் படிக்கும்போது வயிறு எரிகிறது, மன்னியுங்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இந்தியாவோடு சிங்கப்பூர் செய்த சீக்கா (CECA) வர்த்தக உடன்பாடு இல்லாதிருந்தால் என் வேலை இருந்திருக்குமோ?

இதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, ஏன் தெரியுமா? நேர்காணலுக்குப் போன அன்று எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நின்றிருந்தவர் என் முகத்தைப் பார்த்து, "சீக்கா, ஊருக்குப் போ" என்றார். என் தாத்தா இங்கே தண்டவாளம் போட்டவர். என் அப்பா இங்கே கண்டாங் கெர்பா மருத்துவமனையில் பிறந்தவர். நான் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) செய்தவன். எந்த உடன்பாட்டால் வேலை போனது என்று நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேனோ, அதன் பெயரையே என்மேல் வசையாக எறிந்தார்கள். அன்று நேர்காணலில் என்ன பேசினேன் என்றே நினைவில்லை.

#5 செங்காங் செல்வி

நாற்பத்தேழு அண்ணே, படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த வசையை என் மகளும் பள்ளிப் பேருந்தில் கேட்டிருக்கிறாள்.

நான் கணக்காய்வாளர், காகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். சீக்கா 2005 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. இந்தியர்களுக்கு இங்கே வேலை செய்ய அது தானாக எந்த உரிமையும் தரவில்லை. வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் விதிகள் எல்லா நாட்டினருக்கும் ஒன்றுதான். 2025-ல் புதிய விண்ணப்பத்துக்குக் குறைந்தது மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும் என்றானது, நிதித்துறையில் 6,200. 2023 செப்டம்பர் முதல் புள்ளி முறையும் இருக்கிறது. ஒரே நாட்டினரைக் குவித்துவைத்த நிறுவனத்துக்கு அதில் புள்ளி குறையும். ஒரே நிறுவனத்துக்குள் மாற்றலாகி இந்தியாவிலிருந்து வந்தவர்கள் 2020-ல் சுமார் 500 பேர்தான் என்று 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஓங் யீ காங் சொன்னார்.

அப்படியென்றால் உங்களுக்கு நடந்தது பொய்யா? இல்லவே இல்லை. நடந்தது அநியாயம். அது உடன்பாட்டின் வேலையல்ல, தன் ஆட்களை மட்டும் எடுக்கும் மேலாளரின் வேலை. சீன மேலாளர் சீனரை எடுத்தாலும், உள்ளூர்க்காரர் தன் பள்ளித்தோழனை எடுத்தாலும் அதே அநியாயம்தான். இதற்குத்தான் 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. வயது, குடியுரிமை, இனம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு. என் பார்வையில் அந்த விலக்கு தவறு.

அப்புறம், வேலை தேடுவோருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. பார்த்தீர்களா?

#6 நாற்பத்தேழு

பார்த்தேன். மாதம் 5,000 வெள்ளி வரை சம்பாதித்தவர்களுக்குத்தான். நான் அதற்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள், அம்மாவின் மருந்து. வேலை இருக்கும்போது நடுத்தரம், போன மறுநாள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

உடன்பாடு பற்றிய விவரத்துக்கு நன்றி. மனம் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் யோசிக்கிறேன்.

#7 கூட்டல்கழித்தல்

அண்ணன் சொன்னது முக்கியம். பல வருடங்களாக வேலையின்மைப் படி கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆவார்கள் என்ற வாதம் இங்கே வலுவாக இருந்தது. இப்போது ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. இதை வரம்பு வைத்த உதவித்தொகையாக வைத்திருக்காமல், எல்லாரும் பணம் கட்டி எல்லாரும் பெறும் காப்புறுதியாக்க வேண்டும் என்பது என் கருத்து. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி இதைச் சில வருடங்களாகக் கேட்டு வருகிறது. எந்தக் கட்சி கேட்டால் என்ன, யோசனை நல்லது.

ஜூரோங் ஐயாவுக்கு ஒரு பணிவான கேள்வி. குறைந்த சம்பளம் எல்லாம் உலக வர்த்தகத்தால் வந்ததா? துப்புரவு வேலையைக் கப்பலில் ஏற்றி வியட்நாமுக்கு அனுப்ப முடியாது. அந்தச் சம்பளம் வருடக்கணக்கில் ஏன் அப்படியே கிடந்தது?

#8 பழைய ஜூரோங்

இதற்குப் பதில் என் வீட்டிலேயே இருக்கிறது தம்பி. என் மனைவி அடுக்குமாடி புளோக் துப்புரவு வேலைக்குப் போனவர். மாதம் 800 வெள்ளி. வருடக்கணக்கில் அதே 800. ஒப்பந்தம் எடுப்பவர் மாறுவார், விலை குறைத்துக் கேட்டவருக்குத்தான் ஒப்பந்தம், சம்பளம் மட்டும் அசையாது. 2014-ல் படிப்படியாக உயரும் சம்பள முறை கட்டாயமானபோது 1,000 ஆனது. 2024 ஜூலையில் அதே வேலைக்கு அடிப்படை 1,740 ஆனது.

துப்புரவு நிறுவனங்கள் மூடிவிடும் என்று அப்போது பேசினார்கள். மூடவில்லை. அவள் இப்போது வேலைக்குப் போவதில்லை, முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு பத்து வருடம் முன்னால் இது வந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு. அரசாங்கத்தை ஆதரிப்பவன்தான் நான். ஆனாலும் இது தாமதம்தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

#9 செங்காங் செல்வி

நன்றி ஐயா. நீங்கள் இதை எழுதியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வர்த்தகம் நின்றால் என்ன ஆகும் என்பதும் அடுக்களையில் தெரிந்ததுதானே. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023-ல் இந்தியா முதலில் அரிசியையும் டிசம்பரில் வெங்காயத்தையும் நிறுத்தியது. நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. கதவைச் சாத்துவதில் முதலில் அடிபடுவது ஓரறை வாடகை வீட்டில் இருப்பவர்தான். அதனால் கதவு திறந்தே இருக்கட்டும்.

பங்கு எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எனக்குச் சண்டை. பொருள் சேவை வரி 1994-ல் 3 விழுக்காடு, இப்போது 9. அரிசி வாங்குபவரும் வைரம் வாங்குபவரும் அதே 9. கடைகளில் பணம்போலப் பயன்படுத்தும் பற்றுச்சீட்டுகள் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சொத்து விட்டுச் செல்பவர்களுக்கான வரியை 2008-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். மூலதன ஆதாயத்துக்கும் வரி இல்லை. உழைத்துச் சம்பாதித்ததற்கு வரி, பிறந்ததாலேயே கிடைத்ததற்கு வரி இல்லை என்பது தாராளவாதமே இல்லை.

#10 நாற்பத்தேழு

விட்டுச் செல்லும் சொத்துக்கு வரி என்றால் அப்பாவின் மூவறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டையும் சேர்த்தா? அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

#11 செங்காங் செல்வி

இல்லை அண்ணே. 2008-க்கு முன் இருந்த சட்டத்திலேயே குடியிருக்கும் வீட்டுக்கு 9 மில்லியன் வெள்ளி வரை விலக்கு. அந்த விலக்கு இருக்கும்போது வரி வீவக வீட்டைத் தொடாது. இந்தப் பயத்தைச் சொல்லித்தான் பெரிய சொத்துகள் தப்பிக்கின்றன.

#12 சீமைக்கருவேலம்

வணக்கம். நான் ராமநாதபுரத்துக்காரன், கட்டுமான வேலை, ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். உங்கள் ஊர் அரசியலில் நான் பேசலாமா என்று தெரியவில்லை. தங்குவிடுதியில் படுத்துக்கொண்டு இந்த இழையை முழுதும் படித்தேன்.

ஐயா சொன்ன அந்த 0.364 கணக்கில் நாங்கள் இருக்கிறோமா? தேடிப் பார்த்ததில், இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும், வேலை செய்யும் குடும்பங்களை மட்டும்தான் எடுக்கிறார்கள் என்று புரிந்தது. அப்படியானால் என் சம்பளம் அந்த ஏணியின் கடைசிப் படியில்கூட இல்லை, ஏணிக்கு வெளியே இருக்கிறது.

இந்த வேலைக்கு வர முகவருக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தேன். அக்கா நிலத்தின் மேல் கடன். முதல் ஒன்றரை வருடச் சம்பளம் அதற்கே போனது. எனக்காக முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குத் தீர்வை கட்டுகிறார், கட்டுமானத்தில் அது 500 அல்லது 900 வெள்ளி. முதலாளியைக் குறை சொல்லவில்லை, அவரும் அந்தக் கணக்கில்தான் மாட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பணம் என் உழைப்பின் விலையில் ஒரு பகுதிதானே?

காலையும் மாலையும் லாரியின் பின்னால் உட்கார்ந்து போகிறோம். மழை பெய்தால் தார்ப்பாய். சரக்கு போகிற இடத்தில் எங்களைப் போன்ற தொழிலாளர்கள் போகச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. சரக்கு தடையில்லாமல் போகிறது, பணம் தடையில்லாமல் போகிறது. ஆள் என்று வரும்போது ஏன் இத்தனை பூட்டு என்பதுதான் என் கேள்வி. எங்களுக்கு ஓட்டும் இல்லை. ஓட்டு கேட்கவில்லை. ஓட்டு உள்ளவர்கள் கேட்டால்தான் எங்களுக்கு எதுவும் நடக்கும்.

#13 கூட்டல்கழித்தல்

அண்ணே, நீங்கள் சொன்னது சரி. குறியீடு குடியிருப்பாளர் குடும்பங்களுக்கு மட்டும்தான். 2024-ல் இருந்த 6.04 மில்லியன் மக்களில் 1.86 மில்லியன் பேர் அதற்கு வெளியே. மூன்று தேர்வுகளில் இந்த எண்ணை எழுதியிருக்கிறேன், ஒருமுறைகூட யார் விடுபட்டார்கள் என்று யோசிக்கவில்லை.

#14 துறைமுகத்தான்

தம்பி, இங்கே பேச நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. என் அப்பா வந்ததும் அப்படித்தான், கப்பலில், கடனோடு. அவருக்குக் குடியுரிமை கிடைத்தது, உங்களுக்கு அந்தக் கதவு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது தேர்தல் பக்கம் வருகிறேன், இவை எல்லாம் அங்கேதான் போய் முட்டுகின்றன. மே 3 தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சி (மசெக) 65.57 விழுக்காடு வாங்கியது. நேர்மையான பெரும்பான்மை, அதை மதிக்கிறேன். ஆனால் இடங்கள் 97-ல் 87, கிட்டத்தட்ட 90 விழுக்காடு. மூன்றில் ஒருவர் வேறு மாதிரி நினைக்கிறார், நாடாளுமன்றத்தில் பத்தில் ஒருவர் குரல்தான் ஒலிக்கிறது. தொகுதி எல்லை அறிக்கை மார்ச் 11-ல் வந்தது, வேட்புமனு ஏப்ரல் 23-ல். ஆறு வாரம். வருடக்கணக்கில் ஒரு வட்டாரத்தில் வீடு வீடாகப் போனவர் ஒரு காலையில் அந்த வட்டாரமே இல்லை என்று தெரிந்துகொள்கிறார். எல்லை போடும் குழு பிரதமர் அலுவலகத்தின் கீழ் இல்லாமல் சுயேச்சையாக இருக்க வேண்டும். அறிக்கைக்கும் தேர்தலுக்கும் நடுவே ஆறு மாதமாவது வேண்டும்.

குழுத்தொகுதி பற்றி ஐயா சொன்னதை நிறைய யோசித்தேன். 1988-ல் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் 1981-லேயே ஆன்சன் தொகுதியில் எதிர்க்கட்சியின் ஜெயரத்தினம் தனியாக நின்று வென்றார். 2016-ல் புக்கிட் பாத்தோக்கில் முரளி பிள்ளை, மசெக வேட்பாளர், இடைத்தேர்தலில் 61 விழுக்காடு வாங்கி வென்றார். 2023 அதிபர் தேர்தலில் நாடு முழுவதும் தர்மனுக்கு 70 விழுக்காடு கொடுத்தது. நம் சீன, மலாய் அண்டைவீட்டார் நமக்கு ஓட்டுப் போடுகிறார்கள். நம்மை நான்கைந்து பேர் பட்டியலில் ஒருவராக ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அந்த நான்கைந்து பேர் அணியை அமைக்க முடியாததால்தான் சிறிய கட்சிகள் நிற்கவே தடுமாறுகின்றன. இந்த முறை மரீன் பரேட் – பிரேடல் ஹைட்ஸில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை, ஐந்து இடமும் போட்டியின்றிப் போனது.

சீக்கா வசையைக் கேட்கும்போதும் இதுதான் தோன்றுகிறது. வேலை போனவர் தன் கோபத்தைச் சொல்ல நாடாளுமன்றத்தில் போதிய இடம் இருந்தால், அது எம்ஆர்டியில் ஒரு முகத்தைத் தேடிப் போகாது.

#15 பழைய ஜூரோங்

குழுத்தொகுதியை நான் இன்னும் விட மாட்டேன். தர்மனைப் போல எல்லாரும் தர்மன் இல்லை. சாதாரண நம்மவர் ஒருவர் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. எல்லை அறிக்கைக்கு ஆறு மாதம் என்பது நியாயமான கோரிக்கை. என் தொகுதியே இரண்டு முறை பெயர் மாறிவிட்டது.

#16 நாற்பத்தேழு

சீமைக்கருவேலம் தம்பி, 14 வருடம் அலுவலகத்துக்குப் போன பேருந்தின் சன்னல் வழியாக அந்த லாரிகளைப் பார்த்திருக்கிறேன். மழை நாளில் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

செல்விம்மா, அந்தச் சட்டம் நடப்புக்கு வரும்வரை என்னைப் போன்றவர்கள் எங்கே போவது?

#17 செங்காங் செல்வி

இப்போதைக்கு நியாயமான வேலைவாய்ப்பு நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் புகார் கொடுக்கலாம். குழு மாறிய விவரம், தேதிகள், மின்னஞ்சல்கள் எல்லாம் வைத்திருக்கிறீர்கள்தானே? தனிச்செய்தி அனுப்புங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். தமிழில் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் நான் போட்டுவிடுகிறேன்.

#18 துறைமுகத்தான்

திங்கள் இரவு என் தொகுதியில் மக்கள் சந்திப்பு நிகழ்வு இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுக்கப்போகிறேன். வேலை இழந்தோர் உதவியின் 5,000 வெள்ளி வரம்பு, எல்லை அறிக்கைக்கு ஆறு மாத இடைவெளி, 25 பேர் விலக்கு. யாராவது சேர்ந்து கையெழுத்திட விரும்பினால் சொல்லுங்கள்.

#19 பழைய ஜூரோங்

என் பெயரையும் போடுங்கள். நான் நேரிலேயே வருகிறேன்.

#20 சீமைக்கருவேலம்

அண்ணே, லாரி பற்றியும் ஒரு வரி சேர்ப்பீர்களா?

#21 துறைமுகத்தான்

அதைத்தான் முதல் வரியாக வைத்திருக்கிறேன் தம்பி. நீங்கள் எழுதியபடியே.